இரண்டாம் நாள் ரத்தம்

குழந்தைக்காக டாக்டரிடம் போகத் தொடங்கிய பெண்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாகிவிடும். விலக்கான இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலையில் லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். சீட்டில் ‘டே 2’ என்று எழுதியிருக்கும். அது அவளுக்கு எப்படிப்பட்ட நாள் என்பது சீட்டில் இருக்காது. முந்தாநாள் வரை, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். நேற்று அது இல்லை என்று ஆகிவிட்டது. இன்று அடிவயிற்று வலியோடும் உதிரப்போக்கோடும் பஸ் ஏறி வந்து, இன்னும் கொஞ்சம் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டுகிறாள். கருவுறுதல் பற்றிய ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் எழுதத் தோன்றுவது இதைத்தான். பெரும்பாலும் ஒரு ஏமாற்றத்தின் மறுநாளில்தான் இந்த ரத்தம் எடுக்கப்படுகிறது.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு மருத்துவத்தில் காரணம் உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையை வேலைக்கு எழுப்புகிறது. சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, அதை எழுப்பப் பிட்யூட்டரி கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. எனவே எஃப்.எஸ்.எச். 10-ஐத் தாண்டி ஏறினால், உள்ளே இருப்பு குறைகிறதோ என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். சுழற்சியின் தொடக்கத்தில் மட்டும்தான் இந்த எண்ணை இப்படி வாசிக்க முடியும். நாள் ஆக ஆக, வளரும் முட்டைப்பை சுரக்கும் எஸ்ட்ரடயால், எஃப்.எஸ்.எச்.சை அழுத்திவிடும். இரண்டாம் நாளிலேயே எஸ்ட்ரடயால் கூடியிருந்தால் எஃப்.எஸ்.எச். நல்ல எண்ணாகத் தெரியும், ஆனால் அது நல்ல எண் அல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். ஒரே பெண்ணுக்கே இந்த மாதம் 8 என்றும் அடுத்த மாதம் 12 என்றும் வரலாம். உடம்பு மாதாமாதம் ஒரே எண்ணைச் சொல்லக் கடமைப்பட்டதல்ல.

அதே குழாய் ரத்தத்தில் தைராய்டையும் புரோலாக்டினையும் பார்ப்பார்கள். இவற்றைப் பற்றி வீடுகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தவை இவை இரண்டும்தான், ஏனென்றால் இவற்றில் கோளாறு தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. தைராய்டு குறைவுக்கு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. புரோலாக்டின், தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். பாலூட்டாத பெண்ணிடம் அது மிகுந்தால் முட்டை வெளிவருவது நின்றுபோகலாம். மாத்திரையால் அதையும் பெரும்பாலும் இறக்கிவிடலாம். பதற்றமாக இருந்தாலே புரோலாக்டின் சற்றே ஏறும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் டோம்பெரிடோனும் அதை ஏற்றிவிடும். “வேறென்ன மாத்திரை சாப்பிடுறம்மா?” என்று கேட்காமல் அந்த எண்ணை வாசிப்பது பாதி வாசிப்புத்தான்.

இருபத்தோராம் நாள் புரோஜெஸ்டரோன் என்று ஒன்று இருக்கிறது. அந்த மாதம் முட்டை வெளிவந்ததா என்பதை அது சொல்லும். 3-க்கு மேல் இருந்தால் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அந்த ‘21’ என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு 28ஆம் நாள் வாக்கில்தான் பார்க்க வேண்டும். எல்லோரையும் 21ஆம் நாளே வரச்சொன்னால், முட்டை சரியாக வரும் பெண்ணுக்கும் ‘வரவில்லை’ என்று ரிப்போர்ட் போய்ச் சேரும்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெண்களின் தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு எண். ஏ.எம்.எச். எனப்படும் ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன். இதற்கு இரண்டாம் நாள் வேண்டியதில்லை. சுழற்சிக்குள் அதிகம் ஏறி இறங்காததால் எந்த நாளும் எடுக்கலாம். அதனாலேயே ‘ஃபெர்டிலிட்டி ப்ரொஃபைல்’ என்ற பெயரில் விற்கப்படும் பேக்கேஜ்களில் இது தவறாமல் இருக்கிறது. மில்லி லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று ரிப்போர்ட் வரும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவை எடைபோட முடிந்ததற்கு, நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் வேலைபார்த்த ரோசலின் யாலோவுக்கும் சாலமன் பெர்சனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1950களின் இறுதியில் இன்சுலினை அளக்க அவர்கள் உருவாக்கிய முறைதான் ஹார்மோன்களை அளக்கும் யுகத்தைத் திறந்துவைத்தது. 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபலைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

ஏ.எம்.எச்.சின் கதை பெண்ணிடம் தொடங்கவில்லை. கருவில் முதல் சில வாரங்களில் ஆண் சிசுவுக்கும் பெண் சிசுவுக்கும் இரண்டு ஜோடி நாளங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு ஜோடியை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் உடலியலாளர் யோஹானெஸ் முல்லர் விவரித்ததால் அவர் பெயரிலேயே முல்லேரியன் நாளங்கள் என்கிறார்கள். கருப்பையும் கருக்குழாய்களும் அவற்றிலிருந்துதான் உருவாகின்றன. ஆண் சிசுவில் அவை கரைந்து மறைகின்றன. எது கரைக்கிறது? பிரான்சில் ஆல்ஃப்ரெட் யோஸ்ட், தாயின் வயிற்றிலிருந்த முயல் சிசுக்களின் விரைகளை நீக்கிப் பார்த்தார். அவையெல்லாம் பெண் உறுப்புகளோடு வளர்ந்தன. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தபோதும் முல்லேரியன் நாளங்கள் கரையவில்லை. அப்படியானால் விரைகள் வேறொன்றையும் சுரக்கின்றன என்று 1940களின் இறுதியில் அவர் முடிவுக்கு வந்தார். அவர் வழியில் வந்த நதாலி ஜோஸ்ஸோ என்ற பெண் மருத்துவர் பல பத்தாண்டுகள் அந்தப் பொருளின் பின்னாலேயே உழைத்தார். அதன் மரபணு 1986-இல் பிரித்தறியப்பட்டது. ஆணின் உடலில் கருப்பை உருவாகாமல் தடுப்பதே இந்த ஹார்மோனின் முதல் வேலை.

பெண்ணின் சினைப்பையும் இதைச் சுரக்கிறது என்பது பிறகு தெரிந்தது. வளரத் தொடங்கியிருக்கும் சிறுசிறு முட்டைப்பைகளைச் சுற்றியுள்ள செல்கள் இதைச் சுரக்கின்றன. அத்தகைய பைகள் நிறைய இருந்தால் எண் கூடும், குறைந்தால் எண் குறையும். 2002-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெண்களுக்கு வயது ஏற ஏற இது இறங்குவதையும், செயற்கைக் கருத்தரிப்புக்கு ஊசி போடும்போது எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்பதை இதைக் கொண்டு ஊகிக்கலாம் என்பதையும் வெளியிட்டார்கள். இந்தப் பரிசோதனைக்கென்று பிறந்த கேள்வி அதுதான்: ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும்?

பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, ஏறக்குறைய பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை. பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சமாகிவிடும். வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளிவருவது நானூறு ஐந்நூறுதான். மற்றவை சத்தமில்லாமல் அழிந்துபோகின்றன. குதிரின் வாயில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பார்த்து உள்ளே எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுவதுபோல ஏ.எம்.எச். உள்ளிருப்பை மதிப்பிடுகிறது. அந்த நெல் முளைக்குமா என்பதை அது சொல்லாது. முளைக்கும் திறனை, அதாவது முட்டையின் தரத்தை, அளக்க இன்றுவரை எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. அதற்கு இருக்கும் சிறந்த வழிகாட்டி பெண்ணின் வயதுதான். வயது ஏறும்போது முட்டையின் குரோமோசோம்களில் பிழைகள் கூடுகின்றன. 27 வயதில் 0.8 என்று வந்தவளின் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவை 27 வயது முட்டைகள். 41 வயதில் 3 என்று வந்தவளுக்கு நிறைய இருக்கின்றன, ஆனால் அவை 41 வயது முட்டைகள். மாதத்துக்கு ஒரு முட்டை போதும் என்னும் இயற்கையான வழியில், களஞ்சியம் எவ்வளவு பெரிது என்ற கேள்வியே பின்னால் போய்விடுகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், குழந்தையின்மைப் பிரச்சினை எதுவும் அறியாத, அப்போதுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கிய 30 முதல் 44 வயதுவரையான பெண்கள் 750 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஏ.எம்.எச். 0.7-க்குக் கீழே இருந்தவர்கள் பன்னிரண்டு சுழற்சிகளுக்குள் கருவுறும் வாய்ப்பு 84 சதவீதம், இயல்பான எண் கொண்டவர்களுக்கு 75 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தவர்களிடமும் அப்படித்தான். இந்த ஆய்வு குழந்தை பிறந்ததா என்பதுவரை பார்க்கவில்லை, கருவுற்றதை மட்டுமே பார்த்தது. ஆண்டுக்கணக்கில் முயன்று களைத்தவர்களுக்கு இதை அப்படியே பொருத்தவும் கூடாது. ஆனாலும், தன் கருவுறும் திறனைச் ‘சும்மா தெரிந்துகொள்ளலாம்’ என்று ரத்தம் கொடுக்கும் பெண்ணுக்கு இந்த எண் எதையும் சொல்லவில்லை என்பதை அது தெளிவாக்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, குழந்தையின்மை இல்லாத பெண்களுக்கு ஏ.எம்.எச்.சை வைத்து அறிவுரை சொல்லக் கூடாது என்றே எழுதிவைத்தது.

மேலே ஏறிய எண்ணும் ஆறுதல் இல்லை. நம் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குச் சிறு முட்டைப்பைகள் ஏராளம், ஏ.எம்.எச்.சும் மிக அதிகம், ஆனால் முட்டை வெளிவருவதுதான் சிக்கல். விலக்கு ஒழுங்காக வரட்டும் என்று கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவளின் ஏ.எம்.எச். குறைவாகக் காட்டும், மாத்திரையை விட்டபின் ஏறும். ஒரே ரத்தத்தை வெவ்வேறு கருவிகளில் வைத்தாலும் எண் மாறலாம்.

இவ்வளவும் சொல்வது இந்தப் பரிசோதனையை வேண்டாம் என்பதற்காக அல்ல. ஐ.வி.எஃப்.புக்குப் போகிறவளுக்கு எவ்வளவு மருந்து என்று முடிவு செய்ய இது தேவை. எண் மிக அதிகமாக இருப்பவளுக்கு வழக்கமான அளவு ஊசி போட்டால் சினைப்பைகள் அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதை முன்கூட்டி எச்சரிப்பது இந்த எண்தான். சினைப்பையிலுள்ள சாக்லேட் சிஸ்டுக்கு அறுவை செய்துகொள்ளப் போகிறவளுக்கும், புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கப் போகும் இளம்பெண்ணுக்கும், முட்டைகளை இப்போதே எடுத்து வைக்க வேண்டுமா என்று யோசிக்க இது உதவும். சரியான கேள்வியோடு போனால் இது நல்ல பதில் சொல்லும். ஆனால் வீடுகளில் இதன்மேல் சுமத்தப்படுவது வேறு கேள்வி.

கொங்குப் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் தோழி அந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறாள். ரத்தம் கொடுக்க வரும் பெண்ணோடு பெரும்பாலும் மாமியாரோ நாத்தனாரோ வருவார்கள். ஊசியை எடுப்பதற்குள் மாமியார் கிட்டே வந்து மெல்லக் கேட்பார்: “ஏங்கண்ணு, இதுல கொழந்த நிக்குமா நிக்காதான்னு தெரிஞ்சு போயிருமா?” தோழி சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “அதெல்லாம் டாக்டரம்மாதானுங்க சொல்லோணும்.” நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அந்த நேரத்தில் தலை நிமிர்வதில்லை என்கிறாள்.

ஆனால் டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே ரிப்போர்ட் சொல்லிவிடுகிறது. சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிடும், பல நேரங்களில் கணவனின் எண்ணுக்கு, ஏனென்றால் பதிவு செய்தபோது கொடுத்தது அவன் எண்தான். டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கும். அந்த இடைவெளியில், தடித்த எழுத்தில் ‘லோ’ என்று குறியிட்ட ஒரு எண் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கணவனிடமிருந்து அவன் அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பெரியம்மாவுக்கு. “முட்டையே இல்லையாமா” என்று அது மொழிபெயர்ந்துவிடும். அந்த எண்ணைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது என்பது தெரியாமல் அல்லது சொல்லப்படாமல், புரதப் பொடிகளும் மாத்திரை டப்பாக்களும் வாங்கப்படும். இத்தனை துல்லியமான ஒரு எண், விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போய்விடுவதை நான் மருத்துவத்தின் சிறிய குறையாக நினைக்கவில்லை.

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அவசரப்படுகிறவர்களைக் கிண்டல் செய்ய இன்றும் சொல்கிறோம். அவளை அவ்வளவு அவசரப்பட வைத்தவர்கள் யார் என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை. கல்யாணமான ஆறாம் மாதத்திலிருந்து கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு என்று போகுமிடமெல்லாம் “விசேஷம் உண்டா?” என்று கேட்கப்பட்டவள் அவள். மருத்துவத்தின் வரையறைப்படி, பன்னிரண்டு மாதம் முயன்றும் கருவுறாவிட்டால்தான் பரிசோதிக்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம். நம் வீடுகளில் அந்தப் பன்னிரண்டு மாதம் யாருக்கும் கிடைப்பதில்லை.

பழைய வழிகளை நான் ஏங்கிப் பார்க்கவில்லை. திருக்கருகாவூர் அம்மனிடம் நெய் வாங்கிவந்து சாப்பிட்டார்கள், மரத்தில் தொட்டில் கட்டினார்கள், ராமேஸ்வரத்துக்குப் போய்த் தீர்த்தமாடினார்கள். அவற்றில் ஒன்று இருந்தது: இந்த வருஷம் ஆகவில்லை என்றால் அடுத்த வருஷம் என்று காலம் திறந்திருந்தது. ஆனால் அதே காலத்தில்தான் முதல் தாரத்துக்குக் குழந்தை இல்லை என்று இரண்டாம் தாரம் கட்டினார்கள். இரண்டாமவளுக்கும் பிறக்காதபோதும் சந்தேகம் அவன்மேல் விழவில்லை. இரண்டு பெண்கள்மேல் விழுந்தது. மருத்துவம் வந்து இதை மாற்றியிருக்க வேண்டும். குழந்தையின்மைக்கான காரணம் ஏறக்குறைய பாதித் தம்பதியரில் ஆணிடமும் இருக்கிறது என்பது மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. இருவரையும் ஒரே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். தோழி பார்ப்பதோ, மனைவி பல மாதங்கள் ரத்தமும் ஸ்கேனும் கொடுத்து முடித்தபின், கடைசியாக, தயங்கித் தயங்கி வரும் கணவர்களை. சிலர் வருவதே இல்லை. “அவருக்கென்ன, நல்லாத்தான இருக்காரு” என்று சொல்ல அம்மாக்கள் இருக்கிறார்கள்.

முட்டை குறைவாக இருப்பவளுக்கு இப்படி என்றால், நிறைய இருப்பவளுக்கு வேறொரு ஆபத்து. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டி, அவள் கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்றது வெளியே வந்தது. கைதானவர்களில் அவள் தாயும் உண்டு. 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. கருமுட்டை கொடுப்பவளுக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பவை அதன் விதிகள். சட்டம் அவ்வளவு தெளிவாக எண்களில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இளம் சினைப்பை சந்தையில் ஒரு சரக்காகிவிட்டிருந்தது.

இப்போது கல்யாணம் ஆகாத பெண்களும் லேபுக்கு வருகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் வேலைபார்க்கிற, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கும் இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண்கள். இன்னும் எத்தனை வருஷம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை நியாயமானது. அந்தக் கேள்விக்குத்தான் ஏ.எம்.எச்.சிடம் பதில் இல்லை. எண் நன்றாக இருந்தால் ‘நாற்பது வரைக்கும் பயமில்லை’ என்று நினைத்துவிடுகிறாள், முட்டைக்கு வயதாவது அந்த எண்ணில் தெரியாது. குறைவாக இருந்தால் பயந்து, மனசுக்குப் பிடிக்காத வரனுக்குத் தலையாட்டுகிறாள், அல்லது கடன் வாங்கி முட்டையை உறையவைக்கிறாள். இரண்டும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பெரிய முடிவுகள். இரண்டையும் எடுக்க வைத்தது அந்தக் கேள்விக்காக உருவாக்கப்படாத ஒரு பரிசோதனை.

நம் மாநிலம் பல பத்தாண்டுகளாகப் பிறப்பைக் குறைப்பதில் கவனம் செலுத்தியது. சுவர்களில் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகமும் இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. குழந்தை வேண்டாம் என்றவளைத் தேடி நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார். குழந்தை வேண்டும் என்பவள் விளம்பரப் பலகையைப் பார்த்துத் தனியார் மையத்துக்குப் போகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தைராய்டு, புரோலாக்டின், விந்துப் பரிசோதனைகள் கிடைத்து, பன்னிரண்டு மாதக் கணக்கை மாமியாருக்கும் சேர்த்து விளக்க ஒருவர் இருந்தால், பலருடைய அலைச்சல் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குள் லேப்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏ.எம்.எச். எண்ணுக்குக் கீழே, தமிழில், தடித்த எழுத்தில், இது ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதற்கான மதிப்பீடு, இயல்பாகக் கருவுற முடியுமா என்பதை இது சொல்லாது என்று அச்சிடலாம். பெண்ணின் பரிசோதனை முடிவு அவளுடைய எண்ணுக்குத்தான் போக வேண்டும். சீட்டில் கணவர் பெயர் என்று ஒரு வரி இருக்கிறது, இப்போது அது அவளை அடையாளம் காட்ட மட்டும்தான் பயன்படுகிறது. முதல் நாளே அந்த வரியில் அவருக்கான பரிசோதனையையும் டாக்டர்கள் எழுத வேண்டும்.